வொகாத்தியோ: அழைப்பா, நிலைமையா?

இறையியற் கல்லூரியில் சேர விரும்பும் இளைஞரிடம் தேர்வுக் குழுவினர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு: "உமது அழைப்பைக் குறித்துக் கூறும்." விடையும் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வரும். ஓர் எழுப்புதல் கூட்டம், கண்ணீர், நள்ளிரவில் நினைவுக்கு வந்த ஒரு வசனம். அதே இளைஞர் அருட்பொழிவு பெற்றுக் கிராமச் சபைக்குச் சென்றபின், கழனியில் உழைக்கும் மக்களிடம் 'அழைப்பு' என்னும் சொல்லை அரிதாகவே வழங்குகிறார். வழங்கும்போதும், அவரவர் இருக்கும் நிலையில் பொறுமையோடிருக்க வேண்டும் என்ற பொருளிலேயே வழங்குகிறார். ஆயருக்கு எழுந்து போகச் சொல்லும் அழைப்பு, கூலியாளுக்கு இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லும் அழைப்பாகிவிடுகிறது. ஒரு சொல் இவ்வாறு இரு திசை காட்டுவதேன் என ஆராய, அதன் இலத்தீன் வடிவமாகிய 'வொகாத்தியோ'வை நோக்குதல் பயனுடைத்து.

குரலைக் குறிக்கும் 'வோக்ஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது வொகாத்தியோ. 'கூப்பிடுதல்' என்பதே அதன் நேர்ப்பொருள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், வழக்காடுவோன் எதிரியை நீதிமன்றத்திற்குக் கூப்பிடுவது பற்றிய விதியோடுதான் தொடங்குகிறது. கூப்பிடப்பட்டவன் போயாக வேண்டும். நோயாலோ முதுமையாலோ நடக்க இயலாதவனாயின், கூப்பிட்டவனே அவனுக்கு ஊர்தி கொடுக்க வேண்டும். (இவ்விதியை நம் தேர்வுக் குழுக்களும் நினைவிற்கொள்ளலாம்.) அறிஞர் வார்ரோவின் கருத்தாக கெல்லியுஸ் தரும் குறிப்பொன்றும் கருதத்தக்கது. கான்சல் போன்ற உயர் அதிகாரிகளுக்கே வொகாத்தியோ, அதாவது எதிரில் இல்லாதவனையும் வரவழைக்கும் உரிமை, இருந்தது. மக்கள் தீர்ப்பாயருக்கோ கண்ணெதிரில் நிற்பவனைப் பிடிக்கும் உரிமை மட்டுமே இருந்தது. கவிஞர் கட்டுல்லுஸ் இதே சொல்லை விருந்தழைப்புக்கு வழங்குகிறார். ஓரெழுத்து மாறி 'வகாத்தியோ' என நின்றால், படைப்பணியிலிருந்தும் பிற கடமைகளிலிருந்தும் பெறும் விலக்கு என்று பொருள்படும். மன்றம், ஆட்சி, விருந்து என இடம் எதுவாயினும், வொகாத்தியோ பெற்றவன் இருந்த இடத்தைவிட்டு எழுந்தே ஆகவேண்டும்.

இலத்தீன் வேதாகமமாகிய வுல்காத்தா, பவுல் வழங்கும் 'கிளேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இதனையே அமைத்தது. இடைக்காலத் திருச்சபை இதனைத் துறவு மடத்தின் மதிலுக்குள் அடைத்துவிட்டது. அழைக்கப்பட்டவர் என்றால் துறவியர் என்றாயிற்று. மார்ட்டின் லூத்தர் அம்மதிலைத் தகர்த்தார். தாய், பணிப்பெண், செருப்புத் தைப்போர், நீதிபதி ஆகிய அனைவருக்கும் அழைப்பு உண்டென்று அவர் போதித்ததோடு, 'பெரூஃப்' என்னும் ஜெர்மானியச் சொல்லையே அழைப்புக்கும் தொழிலுக்கும் பொதுவாக்கினார். சீராக்கின் ஞானநூலில் வேலையைக் குறிக்கும் சொற்களுக்கும் அவர் அதனையே வழங்கியதை மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற ஆய்வில் எடுத்துக்காட்டினார். லூத்தரின் நாட்டில் அது விடுதலைச் சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழில் பிறப்பால் விதிக்கப்பட்ட ஒரு நாட்டில் 'உன் தொழிலே உன் அழைப்பு' என்று கூறுவது யாது பொருள்படும்?

இவ்வினா தென்னார்க்காட்டுத் திருச்சபைகளுக்குப் புதிதன்று. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள இரு நகரங்களுக்கு இச்சொல்லின் இரு மரபுகள் வந்து சேர்ந்தன. விழுப்புரம் வட்டாரத்தில் டேனிஷ் லுத்தரன் மிஷனார் உழைத்தனர். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வுழைப்பின் கனி. திண்டிவனத்தில் உழைத்தோர் அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சார்ந்த சீர்திருத்தச் சபையார். 1618-19இல் டார்ட் நகரில் கூடிய பேரவையின் போதனைகளை அடிப்படையாக உடையோர். இவர்களுக்கு அழைப்பு என்பது தொழிலைவிட மிகுதியாக, செவிக்கு எட்டும் நற்செய்தியையும் இதயத்தைத் திறக்கும் ஆவியானவரின் செயலையும் குறித்தது.

லுத்தரன் மரபிலேயே இது பெரும் பூசலாக வெடித்தது. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமுதாய நிலை மட்டுமே, சபை அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கருதினார். இதனை ஏற்க மறுத்த கார்ல் ஆக்ஸ் அம்மிஷனைவிட்டு விலகி, விழுப்புரம் - கடலூர் இருப்புப்பாதையில் இன்று நிலையமாக உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பணி நடத்தினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கத்தார் அவரைத் தம்மவராக ஏற்றனர். ஆக, ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கத்திலேயே 'நிலைமை வேறு, அழைப்பு வேறு' என்னும் மறுப்பு நிற்கிறது. அதன் பிள்ளைகளே இதை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

திண்டிவனத்தின் பங்கு ஓர் இரவில் நிகழ்ந்தது. 1890-களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயாருக்கு உதவ வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரை, மிஷன் பங்களாவில் ஒரே இரவில் மூவர் தேடி வந்தனர்: ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், மற்றுமோர் இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லும்படி அவர் சொன்னார். ஆண் மருத்துவரை மூவரும் ஏற்கவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். மிஷனெரியாக விரும்பாதிருந்த அவர் அமெரிக்கா திரும்பி, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். இந்நிகழ்ச்சி நம் பிரசங்க மேடைகளில் 'தேவ அழைப்பு' என்ற தலைப்பில் எத்தனையோ முறை எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவ்விரவில் வானிலிருந்து குரல் எதுவும் எழவில்லை. கூப்பிட்டவை மூன்று மனிதக் குரல்கள். அவற்றுள் ஒன்றும் கிறிஸ்தவக் குரலன்று. அழைப்பைத் தம் உள்ளத்தில் மட்டுமே தேடும் மாணவர் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும். உயிரிழந்த அம்மூவருக்கும் நாம் சொல்லும் கதையில் பெயர் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பல ஆண்டுகட்கு முன் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1 கொரிந்தியர் 7:20ஐ வைத்து அருளுரையாற்றினேன், பொறுமையைப் பற்றித்தான். ஆராதனை முடிந்ததும் முதியவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, எங்க பாட்டனை ஆண்டவர் கூப்பிட்டப்ப அவரு பறை அடிச்சுக்கிட்டு, செத்த மாட்டைத் தூக்கிக்கிட்டு இருந்தாரு. அதுலயே நிக்கணும்னா பவுல் சொல்றாரு?" என்னிடம் விடையில்லை. வீடு திரும்பி நூல்களைப் புரட்டினேன்.

கிரேக்கமும் வுல்காத்தாவும் அவ்வசனத்தில் ஒருவன் 'அழைப்பிலே' நிலைத்திருக்குமாறு கூறுகின்றன. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் 'நிலைமை' என்னும் சொல்லை இட்டிருக்கிறது. இது பிழையென்று எளிதில் தள்ள இயலாது; இங்கே பவுல் வாழ்நிலையையே குறித்தார் என்று கொள்ளும் அறிஞர் பலர், வேபரும் அவர்களுள் ஒருவர். எனினும் பவுல் வேறெங்கும் இச்சொல்லை அப்பொருளில் வழங்கவில்லை. மேலும் அவர் அங்கே காட்டும் உதாரணங்கள் விருத்தசேதனமும் அடிமைத்தனமும். தொழில் எதுவும் அங்கு பேசப்படவில்லை. அடுத்த வசனத்திலேயே அடிமையின் விடுதலை பேசப்படுகிறது. 'பயன்படுத்திக்கொள்' என்று அங்கு வரும் வினைக்குச் செயப்படுபொருள் விடுதலையா அடிமைத்தனமா என்பது பண்டைக்காலமுதல் தொடரும் வழக்கு. அதில் நம் பழைய மொழிபெயர்ப்பு விடுதலையின் பக்கமே சாய்கிறது என்பதை நன்றியுடன் குறிக்க வேண்டும். அழைப்பு ஒருவனது நிலைமையைத் தேடி வருகிறது. அந்நிலைமையே அழைப்பாகிவிடுவதில்லை என்பது என் துணிபு.

நம் நாட்டு வரலாறும் இத்துணிபை வற்புறுத்துகிறது. அரைநாள் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953இல் வகுக்கப்பட்ட கல்வித் திட்டத்தைத் தமிழ் மக்கள் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். அந்நகரத்துப் பிரசங்க மேடையில் நின்று, இருந்த நிலையிலேயே இருங்கள் என்று எவரும் இலேசாகச் சொல்லிவிட முடியாது.

தேர்வுக் குழுவின் வினாவுக்கு வருவோம். அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையின் பதினான்காம் பிரிவு, முறைப்படி அழைக்கப்பட்டாலன்றி எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கலாகாது என்கிறது. அவ்வழைப்பு சபையின் வாயிலாக, வெளியிலிருந்து வருவது. எனவே விண்ணப்பதாரரிடம் 'நீர் என்ன உணர்ந்தீர்?' என்பதைவிட, 'யார் உம்மைக் கூப்பிட்டனர்? எதற்காகக் கூப்பிட்டனர்?' என்று கேட்பதே இலத்தீனுக்கும் லூத்தருக்கும் திண்டிவனத்து இரவுக்கும் பொருந்தும்.

அம்முதியவரின் ஊருக்கு மீண்டும் சென்றபோது அப்பகுதியை இருபதாம் வசனத்தோடு நிறுத்தாமல், மனிதருக்கு அடிமைகளாகாதபடி எச்சரிக்கும் இருபத்துமூன்றாம் வசனம்வரை வாசித்தேன். ஆராதனைக்குப் பின் அவர் மற்றொரு வினாவோடு வந்தார். அது பஞ்சமி நிலத்தைப் பற்றியது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.