வினை நிற்கும் கடைமடை

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றைப் பாட்டுக்கு ஒன்றாக வைத்துச் சம்பந்தர் பாடிய பதிகங்களில் ஒன்று முதலாம் திருமுறையில் இருக்கிறது. திருமொழிமாற்று என்று பெயர். சொற்கள் கிடக்கிற வரிசையிலேயே பொருள்கொண்டால் தலை சுற்றும்: காடு சிவனுக்கு நகையாகிவிடும், பாம்பு அவன் குடியிருக்கும் ஊராகிவிடும். சொற்களை இடம்மாற்றிக் கூட்டினால்தான் பாம்பு நகையாகும், காடு இருப்பிடமாகும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை விளையாட்டாக்கிக் காட்டிய பதிகம் அது.

அதே கேள்விதான் இந்த ஊரில் மாலை நேரங்களில் நான் ஆங்கிலம் சொல்லித்தரும் பிள்ளைகளையும் படுத்துகிறது. 'இன்', 'ஆன்', 'அட்' என்ற முன்னிடைச் சொற்கள் மூன்றையும் மனப்பாடம் செய்து வந்துவிடுகிறார்கள். அதில் பெரிய தொந்தரவு இல்லை. 'தி ஃபார்மர் சா தி பாய் வித் தி டார்ச்' என்று எழுதிப்போட்டு, டார்ச் யார் கையில் என்று கேட்டால்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. விவசாயி கையில் என்று பாதிப் பேர், பையன் கையில் என்று மீதிப் பேர். இரண்டும் சரி. கடைசியில் நிற்கும் அந்த முன்னிடைத் தொடர், தான் வினையைச் சேர்ந்ததா பெயரைச் சேர்ந்ததா என்று வாய் திறப்பதில்லை.

இதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒருத்தி, "டார்ச் அடிச்சுப் பையனைப் பார்த்தார்" என்றாள். இன்னொருவன், "டார்ச் வெச்சிருந்த பையனைப் பார்த்தார்" என்றான். இருவரும் கேட்காமலேயே உள்ளே ஒரு வினைச்சொல்லைக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலாவதில் வினையெச்சம், இரண்டாவதில் பெயரெச்சம். ஆங்கிலம் 'வித்' என்ற ஒரு சிறு சொல்லை வைத்து ஒப்பேற்றிய இடத்தில் தமிழ் ஒரு வினையைக் கேட்கிறது. சாப்பாட்டிலும் இப்படித்தான். ஸ்பூனால் சாப்பிடுகிறோம், நண்பனோடு சாப்பிடுகிறோம், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். ஆங்கிலத்துக்கு மூன்றும் 'வித்'தான்.

இது தற்செயல் இல்லை. வேற்றுமை உருபு ஏற்ற பெயர் எதைக்கொண்டு முடியும் என்பதற்கு நன்னூல் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறது. எல்லைப் பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் பெயர்கொண்டு முடியும். நான்கும் ஏழும் பெயர், வினை இரண்டையும் கொள்ளும். மற்றவை வினைகொண்டு முடியும். 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லையும் நன்னூலார் பவணந்தி சேர்த்துக்கொண்டார், அனுபவசாலி. தில்லையின் தெற்கு காழி என்றால் பெயர்முடிபு. கத்தியால் வெட்டினான் என்றால் வினைமுடிபு. 'முடிக்கும் சொல் எது' என்ற கேள்வியை 13ஆம் நூற்றாண்டிலேயே வாய்பாடாக்கிவிட்டார்கள். ஆங்கிலம் கற்பிக்க நாம் பயன்படுத்தும் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான பதிலை நான் பார்த்ததில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழாம் வேற்றுமை பெயரையும் கொள்ளும் என்று நன்னூல் சொன்னாலும், இன்றைய தமிழ் அந்தச் சலுகையை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. 'மேசையில் புத்தகம்' என்று தலைப்பு வைக்கலாம். வாக்கியத்துக்குள் 'மேசையில் இருக்கிற புத்தகத்தை எடு' என்றுதான் வருகிறது. 'இருக்கிற', 'உள்ள' என்ற சொற்கள் இல்லாமல் இடப்பொருள் பெயரை நெருங்குவதில்லை. காவிரித் தண்ணீர் எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால் கடந்தாலும் கடைமடைக்கு வந்துசேர்வதுபோல, தமிழ் வாக்கியத்தின் உருபுகள் பெரும்பாலும் கடைசியில் நிற்கும் வினையை நோக்கியே ஓடுகின்றன. வழியில் ஒரு பெயருக்குப் பாய்ச்ச வேண்டுமென்றால் தனி மடை வெட்ட வேண்டும். பெயரெச்சம்தான் அந்த மடை.

ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் உருபுகள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறியது. அந்த ஈறுகள் தேய்ந்துபோக, அவை செய்த வேலையை முன்னிடைச் சொற்களும் சொல்வரிசையும் பங்குபோட்டுக்கொண்டன. நம் பிள்ளைகள் செய்யும் ஒரு பிழை இதனால் விளங்குகிறது. 'ஹி டிரிங்க்ஸ் குயிக்லி காபி' என்று எழுதுவார்கள். 'காபியை வேகமாகக் குடிக்கிறான்' என்பதைக் கண்ணாடியில் காட்டினால் அப்படித்தான் தெரியும். தமிழில் 'ஐ' உருபு இருப்பதால் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே வினையடை தாராளமாக உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலச் செயப்படுபொருளுக்கு உருபு இல்லை. வினையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றே அதற்கு அடையாளம், ஆகவே நடுவில் யாரையும் விடாது. தமிழிலும் உருபை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 'வேகமாகக் காபி குடித்தான்' இயல்பாக இருக்கிறது, 'காபி வேகமாகக் குடித்தான்' காதுக்கு இடறுகிறது. விதி ஒன்றுதான். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு அந்தப் பிழை பாதியாகக் குறைந்தது.

வினையடைக்கு வருவோம். தொல்காப்பியத்தின் நால்வகைச் சொல்லில் வினையடை என்று ஓர் இனம் கிடையாது: பெயர், வினை, இடை, உரி, அவ்வளவுதான். மெல்ல, நன்கு போன்றவற்றைப் பிற்காலத்தார் குறிப்பு வினையெச்சம் என்றார்கள். சால, உறு, தவ, நனி ஆகியவை உரிச்சொல் பக்கம் போயின. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதை இன்னும் கறாராகச் சொன்னார்: சரியாகப் பார்த்தால் இம்மொழிகளில் வினையடையே இல்லை, அப்படி வழங்குபவை எல்லாம் பெயராகவோ வினையின் எச்ச வடிவமாகவோ இருக்கின்றன என்பது அவர் கருத்து. இன்று நாம் நாளொன்றுக்கு நூறு முறை சொல்லும் 'வேகமாக', 'அழகாக' என்பவற்றின் கடைசித் துண்டைத் தட்டிப்பார்த்தால் உள்ளே 'ஆகு' என்ற வினை கேட்கிறது.

ஆங்கில முன்னிடைச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் பின்னால் நிற்பவையும் அப்படியே. ஊரைப் பற்றி, கத்தியை வைத்து, கோயிலை நோக்கி, குளத்தைச் சுற்றி, வீட்டிலிருந்து, அவனைவிட: பற்று, வை, நோக்கு, சுற்று, இரு, விடு ஆகிய வினைகள்தான் இவற்றில் தேய்ந்து கிடக்கின்றன. எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதில்தான் ஆராய்ச்சிக்கு வேலை. 'குளத்தைச் சுற்றி வந்தான்' என்பதில் சுற்றுகிற செயல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'குளத்தைச் சுற்றி மரங்கள்' என்பதில் யாரும் சுற்றவில்லை. 'சிதம்பரத்திலிருந்து வந்தேன்' என்கிறவர் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. எதிர்மறையாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: கையால் பற்றுவதற்குப் 'பற்றாமல்' உண்டு, 'உன்னைப் பற்றிப் பேசினார்கள்' என்பதில் உள்ள 'பற்றி'க்கு அது கிடையாது. பழைய இலக்கணம் இவற்றைச் சொல்லுருபு என்று ஒரு பெயரால் அடக்கிவிட்டு நகர்ந்தது. 1989இல் வந்த தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம் இவற்றைப் பின்னிடைச் சொற்கள் என்று தனியே பிரித்து ஆராய்ந்தது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினையடைக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. வினையடை என்ற இனத்தை ஏற்றுக்கொண்டது நல்லதுதான் என்பது என் கட்சி. மூலம் வினைதான் என்பதற்காக 'வேகமாக' என்ற சொல்லை இன்றும் வினை என்றே பிடிவாதம் பிடிப்பது, பேரனைத் தாத்தா பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி.

இந்த ஒப்பீட்டு வேலை அச்சேறிய வரலாற்றில் நம் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தர் சபைப் போதகர் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. லூத்தர் சபையாரைச் சாடி நூல் எழுதிய ஒரு சேசு சபைத் துறவியின் புத்தகம், அவர்களுடைய அச்சுக்கூடத்திலேயே ஏறியதை என்னவென்று சொல்வது! இலக்கணம் என்றால் பகையும் ஒதுங்கிக்கொள்கிறது. இவர்கள் கையில் இருந்தது லத்தீன் இலக்கணத்தின் அச்சு. அதில் வினையடைக்கும் முன்னிடைச் சொல்லுக்கும் தனித்தனி அறைகள் உண்டு; தமிழை அந்த அறைகளில் குடிவைத்தார்கள்.

எதிர்த்திசையில் நடந்தவர் வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முனிசீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான அன்றைய மேல்நீதிமன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்திலிருந்து எடுத்து 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் வெளியிட்டார். சட்ட ஆங்கிலத்தைவிட முன்னிடைத் தொடர்கள் மண்டிய எழுத்து வேறில்லை. 'இன்', 'அண்டர்', 'பை' என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும், எது எதைச் சேர்ந்தது என்பதிலேயே வழக்கு ஜெயிக்கலாம், தோற்கலாம். 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்காக அவரைக் கொண்டாடுகிற நாம் இந்த மொழிபெயர்ப்பு உழைப்பை மறந்தே போனோம்.

கொள்ளிடத்தைத் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ச. அகத்தியலிங்கம் காலத்தில் அங்கே மொழியியல் துறை திராவிட மொழிகளின் தொடரியலில் நிறைய உழைத்தது. இ. அண்ணாமலை 1985இல் தமிழ்த் துணைவினைகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். நம் பேச்சுக்கு அது நேராகப் பயன்படுகிறது. ஆங்கில வினைக்குப் பின்னால் 'அப்', 'அவே', 'ஆஃப்' என்று ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள் பிள்ளைகளுக்குச் சிம்மசொப்பனம். தமிழில் அவற்றின் வேலையைத் துணைவினை செய்கிறது: 'ஈட் அப்' சாப்பிட்டுவிடு, 'ரன் அவே' ஓடிப்போ, 'டேர் அப்' கிழித்துப்போடு. 'ஈட் அப்' என்பதில் மேல்நோக்கி ஏதும் போகவில்லை. 'சாப்பிட்டுவிடு' என்பதில் யாரும் எதையும் கைவிடவில்லை. இரண்டு மொழியும் அதே தந்திரத்தைச் செய்கின்றன. ஆங்கிலம் திசைச்சொல்லைத் தேய்த்தது, தமிழ் வினைச்சொல்லைத் தேய்த்தது.

இதுவரை படித்தவர்கள் தமிழில் குழப்பமே வராது போலிருக்கிறது என்று நினைத்தால் அது என் தவறு. 'நேற்று வந்த பேருந்தைப் பழுதுபார்த்தார்கள்.' வந்தது நேற்றா, பழுதுபார்த்தது நேற்றா? உள்ளே ஒரு பெயரெச்சம் நுழைந்தவுடன் வாக்கியத்துக்கு இரண்டு வினை ஆகிறது. 'நேற்று' எந்த மடையில் பாய்கிறது என்று தெரிவதில்லை. பத்திரிகைத் தமிழில் இது அன்றாட நோய். வினையடையை அதன் வினைக்குப் பக்கத்தில் நகர்த்தி, 'வந்த பேருந்தை நேற்றுப் பழுதுபார்த்தார்கள்' என்று எழுதினால் தீர்ந்தது.

இந்த நோய்க்கு நம்மிடம் பெயர்ப்பட்டியலே இருக்கிறது: பொருள்கோள், அதாவது செய்யுளில் சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள்கொள்வது என்ற வகைப்பாடு. தொல்காப்பியம் எச்சவியலில் நான்கு சொன்னது, நன்னூல் எட்டு ஆக்கியது. முதலில் நிற்பது ஆற்றுநீர்ப் பொருள்கோள். ஆறுபோல ஒரே திசையில் ஓடுவது. தாப்பிசை, ஊஞ்சல்போல நடுவில் நிற்கும் சொல் இருபக்கமும் போய்வருவது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் 'ஊன்' என்ற சொல் அப்படி நிற்கும் குறளை உரைகாரர்கள் காட்டுவார்கள். இப்போது 'ஸ்டூடண்ட்ஸ் ஹூ ரீட் ஆஃபன் பாஸ்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அடிக்கடி படிப்பவர்கள் தேறுகிறார்களா, படிப்பவர்கள் அடிக்கடி தேறுகிறார்களா? நடுவில் 'ஆஃபன்' ஊஞ்சல் ஆடுகிறது. ஆங்கில இலக்கணக்காரர்கள் இதை மாறுகண் அடை என்று கேலியாகப் பெயரிட்டுப் பிழையில் சேர்த்தார்கள். நம்மவர்கள் அழகு என்று எடுத்து வைத்தார்கள். ஆங்கிலத்திலேயே, 'கால்' என்ற வினையில் தொடங்கி, ஆளைச் சொல்லி, அவன் ஊரைச் சொல்லி, கடைசியில் 'அப்' என்று முடிக்கிற வாக்கியம் பூட்டுவில். வில்லின் இரு நுனியையும் நாண் இழுப்பதுபோல முதற்சொல்லும் கடைச்சொல்லும் கூடினால்தான் பொருள். செய்யுளுக்கென்று வகுத்த விதி உரைநடை ஆங்கிலத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். எல்லாம் பொருந்தாது, அடிகளை இடம்மாற்றினாலும் பொருள் கெடாத அடிமறிமாற்றுக்கு அங்கே இடமே இல்லை. பொருந்துகிற இரண்டே வகுப்பறைக்குப் போதும்.

ஆங்கில இலக்கணக்காரர்களும் முடிவான பதிலோடு உட்கார்ந்திருக்கவில்லை. ரான்டால்ஃப் குவர்க்கும் மூவரும் 1985இல் எழுதிய பெரிய இலக்கணம் வினையடைத் தொடர்களை நான்கு வகையாக்கியது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும், பின்னால் பெயர் வராத 'ஹியர்', 'அவுட்சைட்' போன்றவற்றையும் முன்னிடைச் சொல் என்றே அறிவித்தார்கள். 1930களில் வந்த ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தை வேதமாக ஓதும் நம் பள்ளிகளுக்கு அந்தச் சேதி வந்துசேரவில்லை. கணினிக்கும் இதே திணறல்தான். எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்தது என்று கோடு போட்டுக் காட்டும் தமிழ் மரவங்கி ஒன்றைப் ப்ராக் நகரில் உருவாக்கினார்கள். அதில் இருப்பது 600 வாக்கியங்கள். காவிரிப் படுகையில் ஒரு நாளில் வரும் செய்தித்தாள்களில் அதைவிட அதிகம் இருக்கும்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முன்னிடைச் சொல் பாடம் வரும்போது பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், பக்கத்து அறையில் இருக்கும் தமிழாசிரியரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பொருள்கோள் நடத்தச் சொல்லுங்கள். பிறகு டார்ச் வாக்கியத்தை எழுதிப்போடுங்கள்.