தேய்ந்த புல்லைப் படிப்பது

விம்பிள்டன் இறுதியாட்டம் முடிந்த பிறகு சென்டர் கோர்ட்டை மேலிருந்து எடுத்த படங்கள் சில உண்டு. 1970களிலோ 80களிலோ எடுத்த படம் ஒன்றையும் அண்மைக்காலப் படம் ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் பேஸ்லைனில் புறப்படும் பழுப்புத் தடம், சர்வீஸ் கோட்டைத் தாண்டி வலை வரைக்கும் போயிருக்கும். புதிய படத்தில் பேஸ்லைன் ஓரம் மட்டும் மொட்டையாகிக் கிடக்க, வலைக்குப் பக்கத்துப் புல் முதல் நாள் இருந்த பச்சையிலேயே இருக்கும். கோப்பையில் யார் பெயர் பொறிக்கப்பட்டது என்று தெரியாமலேயே அந்த ஆண்டு எப்படி ஆடினார்கள் என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம். விம்பிள்டன் முடிவுகளை நான் படிப்பது இந்தத் தடத்தை வைத்துத்தான்.

புல்தரையில் பந்து செய்வது வேறெங்கும் செய்யாத வேலை. களிமண் தரையில் விழுந்த பந்து பிடிபட்டு, வேகம் இழந்து, மேலே குதிக்கும். சிமென்ட் தரையில் எதிர்பார்த்த உயரத்துக்கு நியாயமாக எழும்பும். புல்லிலோ உராய்வு குறைவு. பந்து வழுக்கிக்கொண்டு முழங்கால் உயரத்திலேயே ஓடும். தரைக்கடியில் மண் இறுகியிருக்கிறதா, இலையில் ஈரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே ஆட்டத்துக்குள்ளேயே குணம் மாறும். போட்டி நாள்களில் புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். அந்த 8 மில்லிமீட்டர், ஆட்டக்காரரிடம் முதலில் கேட்பது முழங்காலை. குனியத் தெரியாதவருக்கு எவ்வளவு பலமான கை இருந்தும் பயனில்லை.

இனி முடிவுகளுக்கு வருகிறேன். 2001 ஆண்கள் இறுதியாட்டம்: கோரான் இவானிசெவிச், பாட்ரிக் ராஃப்டரை 6-3, 3-6, 6-3, 2-6, 9-7 என்று வென்றார். தரவரிசையில் 125ஆம் இடம், வைல்டு கார்டு நுழைவு, அதற்கு முன் மூன்று இறுதிகளில் தோல்வி; கதையாகவே எல்லோரும் இதைச் சொல்வார்கள். எனக்கு முக்கியம் வேறொன்று. இருவருமே சர்வீஸ் போட்டவுடன் வலைக்கு ஓடியவர்கள். அடுத்த ஆண்டு, 2002: லேட்டன் ஹெவிட், டேவிட் நல்பாண்டியனை 6-1, 6-3, 6-2 என்று வீழ்த்தினார். இருவரும் பேஸ்லைனைவிட்டு நகர மனமில்லாதவர்கள். பன்னிரண்டே மாதத்தில் அதே தரையில் வேறொரு விளையாட்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணமாக எல்லோரும் விதையைத்தான் காட்டுவார்கள். அதுவரை 70 சதவீதம் ரைகிராஸ், 30 சதவீதம் ஃபெஸ்க்யூ என்று கலந்து விதைத்தவர்கள், 2001 முதல் முழுக்க ரைகிராஸுக்கு மாறினார்கள். தேய்மானத்தைத் தாங்கவே இந்த மாற்றம் என்பது தரைக்காரர்களின் விளக்கம். ரைகிராஸ் நிமிர்ந்து வளரும், அடியில் மண் உலர்ந்து இறுகும், பந்து கொஞ்சம் கூடுதலாக எழும்பும் என்பது ஆட்டக்காரர்கள் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பழியை முழுக்கப் புல்லின் தலையில் போடுவது சரியல்ல. அதே காலத்தில் ராக்கெட்டில் பாலியெஸ்டர் நரம்பு வந்துவிட்டது. அதைக்கொண்டு முழு வீச்சில் அடித்தாலும் டாப்ஸ்பின் பந்தைக் கீழே இழுத்துக் கோட்டுக்குள் இறக்கும். வலைக்கு ஓடிவருகிறவரின் காலடியிலேயே பந்தைத் திருப்பிப் போட முடிகிறபோது, யார் ஓடிவருவார்?

போனது என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால் நான் ஸ்டெஃபான் எட்பெர்கைத்தான் காட்டுவேன். 1988இலும் 1990இலும் போரிஸ் பெக்கரை இறுதியில் வென்றவர். இடையில் 1989இல் அவரிடமே தோற்றவர். சர்வீஸ் என்றாலே இடி என்று நினைக்கிறவர்கள் எட்பெர்கின் சர்வீஸைப் பார்க்க வேண்டும். பந்தைச் சுழற்றி உயரமாகத் துள்ளவிடுவார். அது போய் விழுந்து எழுவதற்குள் தனக்கு இரண்டு அடி கூடுதலாகக் கிடைக்கும் என்பது கணக்கு. சர்வீஸ் கோட்டருகே ஒரு கணம் இரு காலையும் ஊன்றி நிற்பார். எதிராளியின் ராக்கெட் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டு, முதல் வாலியை ஆழமாக வைப்பார். கைதட்டல் இரண்டாவது வாலிக்குக் கிடைக்கும். புள்ளியை வென்றது முதல் வாலி. நுட்பம் அறிந்தவர்கள் அதற்குத்தான் தலையாட்டுவார்கள், கச்சேரியில் சம்பூரணமான முத்தாய்ப்பை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பிடிக்குத் தலையாட்டுவதைப்போல.

பேஸ்லைனிலிருந்தே வெல்ல முடியாதா அந்தக் காலத்தில்? 1992இல் ஆந்த்ரே அகாசி வென்றார். அது விலக்கு. 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற பியான் போர்க் அடிப்படையில் பேஸ்லைன்காரர்தான். ஆனால் விம்பிள்டனில் முதல் சர்வீஸ் போட்டதும் அவரும் வலைக்குப் போனார். பாரிஸ் களிமண்ணில் ஆடிய ஆட்டத்தைச் சில வாரங்களில் கழற்றி வைத்துவிட்டு இங்கே வேறு உடம்போடு வந்து நின்றதுதான் போர்க்கின் மேதைமை. 1980 இறுதியின் நான்காவது செட் டை-பிரேக்கரை எதிராளி மெக்கன்ரோ 18-16 என்று பறித்ததும் அதன் பின்னும் போர்க் ஐந்தாவது செட்டை 8-6 என்று எடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

பெண்கள் ஆட்டத்தில் 1988 இறுதியை நான் எந்த ஆண்கள் இறுதிக்கும் மாற்றித் தரமாட்டேன். ஆறு ஆண்டு தொடர்ந்து வென்ற மார்ட்டினா நவரத்திலோவா ஒருபுறம், பத்தொன்பது வயது ஸ்டெஃபி கிராஃப் மறுபுறம். முதல் செட் 7-5 என்று நவரத்திலோவாவுக்கு. இரண்டாவதிலும் 2-0 என்று முந்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்த 13 கேம்களில் 12 கிராஃபுடையவை: 5-7, 6-2, 6-1. கிராஃபின் ஃபோர்ஹேண்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். புல்லில் அவருடைய உண்மையான ஆயுதம் பேக்ஹேண்ட் ஸ்லைஸ். பந்தின் அடியைச் சீவிவிட்டால் அது தரையில் பட்டதும் எழும்ப மறுத்துச் சறுக்கும். எதிராளி கீழே குனிந்து மேல்நோக்கித் தூக்கியாக வேண்டும். தூக்கிய பந்து ஃபோர்ஹேண்டுக்கு வரும். இரண்டு அடியாகத் தெரிவது ஒரே அடியின் இரு பாதி. நவரத்திலோவா 1990இல் மீண்டும் வென்று ஒற்றையர் பட்டங்களை ஒன்பதாக்கினார். அந்த எண்ணை இதுவரை யாரும் எட்டவில்லை.

நம்முடைய ராமநாதன் கிருஷ்ணனும் இந்தத் தரைக்கே உரியவர். இடி சர்வீஸ் கிடையாது, உடல் பலத்தை நம்பிய ஆட்டமும் இல்லை. பந்தை அது போக விரும்பும் பக்கமே கொஞ்சம் தள்ளிவிடுகிற கை. 1954இல் ஜூனியர் பட்டம். 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி. தோற்றது அந்தந்த ஆண்டின் சாம்பியன்களான நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும். 1961 கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டுகளில் வென்றது, அரையிறுதிகளைவிடப் பெரிய சாதனை என்பது என் கருத்து. மகன் ரமேஷ் 1979இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்று, 1986இல் கால் இறுதி வரை போனார். பந்தின் வேகத்தையே கடன் வாங்கி ஆடும் அந்தக் குடும்பக் கலைக்குப் பழைய புல் ஒத்துழைத்தது.

ரோஜர் ஃபெடரர் இரு காலத்துக்கும் நடுவில் நிற்கிறவர். 2001 நான்காம் சுற்றில் பீட் சாம்ப்ராஸை ஐந்து செட்டில் வீழ்த்தியபோது அவரும் சர்வீஸ் போட்டு வலைக்கு ஓடியவர்தான். எட்டு பட்டங்கள் வெல்வதற்குள் மெதுவாகப் பின்னால் போய்விட்டார். 2008 இறுதியில் ரஃபேல் நடால் அவரை 9-7 என்ற ஐந்தாவது செட்டில் வென்றபோது லண்டன் வானம் இருட்டிக்கொண்டிருந்தது. களிமண்காரர் ஒருவர் புல்லின் அரசரை அவர் வீட்டிலேயே வென்ற நாள் அது. ஆனால் கணக்குப் பார்ப்பவர்களுக்கு 2019தான் விநோதம். அந்த இறுதியில் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218, நோவாக் ஜோகோவிச் எடுத்தவை 204. பட்டத்துக்கான இரண்டு புள்ளிகள் ஃபெடரரின் சர்வீஸில் இருந்தன. மூன்று டை-பிரேக்கர்களையும் ஜோகோவிச் எடுத்தார், கோப்பையையும். அதிகமாக ரசிக்கப்பட்ட ஆட்டம் தோற்கலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஸ்கோர் அட்டை கிடைக்காது. இதற்கு நேர்மாறாக, 2010இல் இஸ்னரும் மஹுவும் மூன்று நாள் ஆடி 70-68 என்று முடித்த ஐந்தாவது செட் சாதனைப் புத்தகத்துக்கானது. ரசிகனுக்கு அதில் அதிகமில்லை.

இப்போதைய ஆட்டத்தைப் பழித்துப் பேசுகிற பழைய ரசிகர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2023 இறுதியில் ஜோகோவிச்சை ஐந்து செட்டில் வென்ற கார்லோஸ் அல்கராஸ், பேஸ்லைனில் பலமாக அடிக்கப்போவதுபோல் ராக்கெட்டை ஓங்கிவிட்டு, கடைசி நொடியில் பந்தை வலைக்கு அப்பால் உதிர்ப்பார். எழும்பாத தரையில் அந்த டிராப் ஷாட் பழைய வாலியின் பேரன். 2025இல் யானிக் சின்னர் அவரை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்றது, ஐந்து வாரம் முன்பு பாரிஸ் இறுதியில் மூன்று பட்டப் புள்ளிகளைத் தவறவிட்டுத் தோற்றவரின் பதில். அதே ஆண்டு பெண்கள் இறுதியில் இகா ஸ்வியாடெக் 57 நிமிடத்தில் அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று முடித்தார். 1911க்குப் பிறகு விம்பிள்டன் பெண்கள் இறுதியில் அப்படியொரு ஸ்கோர் வந்ததில்லை. கனத்த டாப்ஸ்பின் புல்லில் எடுபடாது என்று சொல்லிவந்தவர்களை வாயடைக்க வைத்த முடிவு. ஆனால், உண்மையைச் சொன்னால், பார்க்க அதில் சுவையில்லை.

அடுத்த விம்பிள்டனுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். முதல் வாரத்தில், புல் இன்னும் ஈரப்பசையோடு இருக்கும்போது, சென்டர் கோர்ட்டை விட்டுவிட்டு ஏதாவது ஒரு சிறிய கோர்ட்டின் ஆட்டத்தைப் போடுங்கள். பந்தை அல்ல, ஆட்டக்காரர்களின் முழங்காலைப் பாருங்கள்.