கருவிகளை வரைந்தவர்

எரிக் ஸ்லோன் (1905–1985) என்ற அமெரிக்க ஓவியரை நம் பக்கம் அறிந்தவர்கள் குறைவு. மேகங்களைத் தீட்டியவர் என்று அங்கே பெயர். எனக்கோ 1964-இல் வெளிவந்த ‘அ மியூசியம் ஆஃப் எர்லி அமெரிக்கன் டூல்ஸ்’ என்ற அவருடைய ஒல்லியான புத்தகம்தான் பிடிக்கும். பழைய அமெரிக்கக் கைவினைஞர்களின் கருவிகள் அதில் பேனா மைக் கோடுகளாக நிற்கின்றன.

உருண்டை மரத்தைச் சதுர உத்தரமாகச் செதுக்கும் அகலக் கோடரியைப் பாருங்கள். அலகின் ஒரு பக்கம் மட்டும் சாய்வு; மறுபக்கம் உளியைப் போலத் தட்டை. மரத்தை ஒட்டியே வெட்ட வேண்டும், ஆனால் விரல் முட்டி உரசக் கூடாது. அதனால் பிடி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். கூரைச் சில்லு பிளக்கும் கத்திக்கோ கூர்மையே தேவையில்லை. கொட்டாப்புளியால் அடித்து இறக்கி, பிடியை நெம்பினால் நாரின் போக்கிலேயே மரம் பிளந்துகொடுக்கும்.

புகைப்படம் வளைவைக் காட்டும். ஸ்லோனின் கோடு வளைவின் காரணத்தையும் காட்டும். வேலைசெய்யும் கோணத்தில் கருவியை வைத்து வரைவதுதான் அவருடைய சூட்சுமம்.

பழங்காலத்தின் மீது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே மோகம். உழைத்தவர்களின் இடுப்புவலி அந்தக் கோடுகளில் தெரியாது. அவர் சேகரித்த கருவிகள் கனெக்டிகட் மாநிலத்தின் கென்ட் ஊரில் 1969 முதல் அருங்காட்சியகமாக இருக்கின்றன. மோகம் எப்படியிருந்தாலும், கருவிகளை வரைய விரும்புகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது அரிது.