திருகாணியின் தரப்பு

ராபர்ட் பிர்சிக் எழுதிய 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' நூலை வாசித்தவர்கள் எதை மறந்தாலும் ஒரு திருகாணியை மறந்திருக்க மாட்டார்கள். எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றப் போகிறீர்கள். ஒரு ஸ்க்ரூ இறுகிக் கிடக்கிறது. கையேட்டைப் புரட்டினால், மூடியைக் கழற்றச் சொல்வதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்க்ரூடிரைவரை பிளையரால் கவ்விப் பிடித்து மல்லுக்கட்டுகிறீர்கள். ஸ்க்ரூவின் தலை சிதைந்துவிடுகிறது. சில்லறைக்காசு பெறாத அந்த ஸ்க்ரூ இப்போது மொத்த வண்டியின் விலைக்குச் சமம், ஏனென்றால் அது வெளியே வராமல் வண்டி நகராது. இந்த இடத்தில் பிர்சிக் ஸ்க்ரூவை விட்டுவிட்டு மனசுக்குப் போய்விடுகிறார். முட்டி நிற்கும் நிலையைக் கண்டு பயப்பட வேண்டாம், தெரிந்ததெல்லாம் தீர்ந்து மனம் வெறுமையாகும் அந்தக் கணத்தில்தான் புதிய வழி பிறக்கும் என்பது அவர் தரும் பாடம்.

அழகான பாடம்தான். ஆனால் பழைய ஜப்பானிய வண்டி ஒன்றை வீட்டில் பிரித்துப் பூட்டிய யாருக்கும் இதைப் படிக்கும்போது வாய்வரைக்கும் ஒரு கேள்வி வரும்: எந்த ஸ்க்ரூடிரைவர் போட்டீங்க?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த நூலின் பலவீனமும் பலமும் இரண்டுமே கைக்குச் சிக்குகின்றன என்று நினைக்கிறேன்.

வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1968இல் பிர்சிக் தன் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் உட்காரவைத்து மின்னசோட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மோட்டார்சைக்கிளில் போனார். பாதித் தூரம் வரை ஜான், சில்வியா என்ற நண்பர்கள் இன்னொரு வண்டியில் கூட வந்தார்கள். அந்தப் பயணத்தை வைத்து எழுதிய நூல், 121 பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1974இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. நூலில் மூன்று இழைகள் உண்டு. ஒன்று பயணம். இரண்டாவது, போகிற போக்கில் கதைசொல்லி நிகழ்த்தும் தத்துவ உரை. மூன்றாவது, மனநோய்க்காக மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கப்பட்டு அழிக்கப்பட்ட அவருடைய பழைய ஆளுமையின் கதை. அந்தப் பழைய ஆளை 'ஃபேட்ரஸ்' என்று வேறு யாரோ போலத்தான் அவர் குறிப்பிடுகிறார்.

இப்போது ஸ்க்ரூவுக்கு வருவோம். கூட்டல் குறி போலத் தலையில் பள்ளம் உள்ள ஸ்க்ரூவை நம்ம ஊரில் 'ஸ்டார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உண்மையில் அதில் பல சாதிகள். அமெரிக்காவில் 1930களில் பரவியது ஃபிலிப்ஸ். ஜப்பானியர்கள் தங்கள் வண்டிகளில் போட்டது ஜப்பானியத் தொழில் தரநிலைப்படி, அதாவது ஜே.ஐ.எஸ். படி செய்த ஸ்க்ரூ. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். பள்ளத்தின் அடிப்பக்க வடிவத்தில்தான் வித்தியாசம். ஃபிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் அடிவரை இறங்கி உட்காராது. அழுத்தித் திருப்பினால் முனை மேலே ஏறி வழுக்கி, போகிற வழியில் பள்ளத்தைச் செதுக்கிவிட்டுப் போகும். பல ஜப்பானிய ஸ்க்ரூக்களின் தலையில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் புள்ளி இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு.

என்னிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. ஜப்பானில் வடிவமைத்து, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்ற 98 சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் கிளட்ச் பக்க மூடியில் இருந்த ஸ்க்ரூக்கள் எனக்கு முன்னால் எத்தனை கைகளைப் பார்த்தன என்பது அவற்றின் தலையிலேயே எழுதியிருந்தது. பாதித் தலைகள் வட்டக் குழியாகிவிட்டிருந்தன. அத்தனை பேருக்குமா மன அமைதி இல்லாமல் போனது? சரியான முனை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

வேறு காரணங்களும் உண்டு. மூடி அலுமினியம், ஸ்க்ரூ எஃகு. ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்பு உண்டாகி, புரிகளுக்கு நடுவே வெள்ளைப் பொடி சிமெண்டு மாதிரி இறுகிவிடும். சூடேற்றினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன்மார் ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன் டிரைவரின் பின்புறத்தில் சுத்தியலால் நச்சென்று ஒரு தட்டு தட்டுவார்கள். முனை ஆழமாக உட்காரும், அரிப்பின் பிடியும் விடும். இம்பாக்ட் டிரைவர் செய்வதும் இதே வேலைதான்.

பிர்சிக்குக்கு இது தெரியாமல் இல்லை. அனுபவசாலி என்றால் ஊடுருவும் எண்ணெயும் இம்பாக்ட் டிரைவரும் எடுப்பார் என்று அவரே சொல்லிவிட்டுத்தான் அனுபவமில்லாதவரின் கதைக்குப் போகிறார். அவருடைய ஸ்க்ரூ தத்துவத்துக்காகச் சொன்ன உதாரணம், எந்தச் சாதி என்று அவர் சொல்வதும் இல்லை. என் புகார் வேறு. கையேட்டில் அந்த ஒரு வரி போதாது என்பதை அந்தப் பக்கத்திலேயே அவர் கவனிக்கிறார், கிண்டலும் செய்கிறார். அவருடைய தொழிலே கணினிகளுக்குக் கையேடு எழுதுவது. அப்படிப்பட்டவர், அங்கே இன்னும் இரண்டு வரி இருந்திருந்தால் இந்த ஆள் முட்டி நின்றிருக்கவே மாட்டானே என்று அந்த இடத்தில் கேட்பதில்லை. முட்டி நிற்பவனின் மனதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறார்.

இதே நகர்வு நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. நமக்குச் சுவாரஸ்யமான ஓர் இடம், அவர் 'தென்னிந்தியக் குரங்குப் பொறி' என்று சொல்வது. குடைந்த தேங்காய்க்குள் அரிசி. குரங்கு கையை விட்டு அரிசியை அள்ளும், மூடிய கை வெளியே வராது. அரிசியை விட்டால் தப்பிக்கலாம், விட மனமில்லை. மதிப்பீடுகளை இறுகப் பிடித்துக்கொள்வதன் ஆபத்துக்கு இதை உதாரணமாகச் சொல்கிறார். குரங்குக்குச் சொல்ல வேண்டிய புத்தி அதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துளை தானாக வந்ததா? விரித்த கை நுழையணும், மூடிய கை வெளியே வரக் கூடாது என்று ஒருவர் கணக்குப் பண்ணிப் போட்ட துளை அது. பிர்சிக்கின் பார்வையில் குரங்கின் மனம் இருக்கிறது, துளையின் அளவு இல்லை.

பட்டறைப் பையன்கள் வரும் இடமும் இப்படித்தான். அவருடைய எஞ்சின் ஒருமுறை பிஸ்டன் பிடித்து நின்றபோது பட்டறையில் விடுகிறார். அங்கே ரேடியோ அலறுகிறது, பையன்கள் சிரித்துப் பேசுகிறார்கள், உளியும் சுத்தியுமாக மூடியைச் சேதப்படுத்துகிறார்கள். கடைசியில் பார்த்தால், வேகத்தில் போகும்போது எண்ணெய் மேலே ஏறாமல் தடுத்தது உடைந்துபோன 25 சென்ட் பின் ஒன்று. அவர்கள் வேலையில் ஒட்டாத வெறும் பார்வையாளர்கள் என்பது அவர் தீர்ப்பு. கோபம் நியாயம்தான். ஆனாலும் அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு வண்டிக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நூல் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

எல்லாவற்றையும் விட விசித்திரம், தன் வண்டி என்ன வண்டி என்று கதைசொல்லி சொல்வதே இல்லை. ஜானின் வண்டி பி.எம்.டபிள்யூ என்று பெயரோடு வருகிறது. இவருடையது 1966 மாடல் ஹோண்டா சி.பி. 77, 'சூப்பர் ஹாக்'. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 305 சி.சி., இரட்டை சிலிண்டர், 9,000 சுற்று வரை போகும் எஞ்சின், பட்டனை அழுத்தினால் கிளம்பும் ஸ்டார்ட்டர். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளில் கிராங்க்கேஸ் செங்குத்தாகப் பிளந்திருக்கும், சேர்ப்பு வழியாக எண்ணெய் சொட்டுவது சாதாரணம். ஹோண்டா அதைக் கிடைமட்டமாகப் பிளந்தது, சேர்ப்பு எண்ணெய் மட்டத்துக்கு மேலே போனது. தரம் என்றால் என்ன என்று நானூறு பக்கம் தேடும் நூல் இது. தேடுகிறவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்குக் கீழே, யாரோ சில ஜப்பானியப் பொறியாளர்கள் பலகையில் வரைந்து, வார்த்து, அளந்து வைத்த தரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பில் ஸென் இருக்கிறது. ஜப்பானிய சைக்கிள் ஒன்றின் பூட்டும் குறிப்பு, அதன் தடுமாறும் ஆங்கிலத்துக்காகச் சிரிக்கப்பட்டு பிறகு ஞானமாக மதிக்கப்படுகிறது. வண்டியைச் செய்தவர்களுக்கு மட்டும் இடமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த நூலை நான் விடமாட்டேன். கை வேலையின்போது அறிவு எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. மைல்ஸ் சிட்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், கரி படிந்திருக்கிறது. ஒரு சிலிண்டர் மட்டுமா என்று அடுத்ததையும் பார்க்கிறார், அதுவும் அப்படியே. உயரம் கூடிவிட்டது, காற்று மெலிந்துவிட்டது, பெட்ரோல் விகிதம் அதிகமாகிவிட்டது என்று முடிவுக்கு வருகிறார். கோத்தகிரிப் பாதையில் ஆர்.எக்ஸ். ஏறும்போது அடங்கி முனகுவதற்கும் அதுதான் காரணம். கார்ப்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி கீழிறங்கும், கலவை மெலியும், வண்டி மறுபடி மூச்சு விடும். பிளக்கின் நிறத்தைப் பார்த்து மலையின் உயரத்தைப் படிப்பது என்னைப் பொறுத்தவரை ஒரு வாசிப்பு அனுபவம். அதை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தவர் பிர்சிக். ஜானின் பி.எம்.டபிள்யூ ஹேண்டில்பார் நழுவும்போது பீர் டப்பாவை வெட்டி ஷிம் போடலாம் என்று அவர் சொல்வதும், விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியில் குப்பைத் தகடா என்று ஜான் முகம் சுளிப்பதும் நல்ல நாவலாசிரியரின் கையெழுத்து. அந்த இடத்தில் அவர் ஜானுக்கு அமைதி போதிக்கவில்லை, இடைவெளிக்குப் பொருந்தும் தகடு ஒன்றைத் தேடினார்.

என் துறையில் இந்த நூலுக்கு ரசிகர்கள் அதிகம். எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தத்துவ உரையைத்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மூன்று நாள் ஒரு பிழையில் முட்டி நிற்கிறாள் என்றால் அவளுக்கு 'மைண்ட்செட்' பற்றி வகுப்பு எடுப்போம். பிழைச்செய்தியை 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று எழுதிவைத்தது நாங்கள். ஆவணத்தை மூன்று வருடமாகப் புதுப்பிக்காததும் நாங்கள். குரங்குக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு நாங்கள் செய்யும் வேலை துளை போடுவது. இந்த இடத்தில் பிர்சிக்கின் தத்துவம் எங்களுக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம்.

நல்லவேளையாக, இந்த நூலில் அந்தத் தத்துவத்தை நம்பாத ஒருவர் இருக்கிறார். நாவலாசிரியர் பிர்சிக்.

பின் இருக்கைப் பையன் கிறிஸ்ஸைக் கவனியுங்கள். அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது, மருத்துவர்களுக்கு உடம்பில் காரணம் கிடைப்பதில்லை. அழுகிறான், முரண்டு பிடிக்கிறான். மலையேறும்போது அவன் சோர்ந்தால், அகந்தையால் ஏறுகிறான், அதனால்தான் சோர்கிறான் என்று விளக்கம் தருகிறார் அப்பா. சிதைந்த ஸ்க்ரூவுக்குச் சொன்ன அதே விளக்கம்: கோளாறு முட்டி நிற்பவனின் மனதில். பிளக்கின் கரியை அத்தனை நுணுக்கமாகப் படிப்பவர், முதுகுக்குப் பின்னால் இருக்கும் முகத்தைப் படிப்பதில்லை. பையனுக்கோ வாரக்கணக்கில் தெரிவதெல்லாம் அப்பாவின் முதுகு மட்டும்தான்.

கடைசியில், கலிஃபோர்னியக் கடற்கரையின் பனிமூட்டத்தில், கிறிஸ் தரையில் விழுந்து அரற்றுகிறான். அப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது இத்தனை வருடமாக அவனுக்குள் கிடந்த கேள்வி. திறக்க அவரை விடவில்லை. அவன் அடுத்ததைக் கேட்கிறான்: நிஜமாகவே உங்களுக்குப் பைத்தியமா? இல்லை என்கிறார். தனக்குத் தெரியும் என்கிறான். இத்தனை வருடம் இறுகிக் கிடந்தது இரண்டு வாக்கியங்களில் தளர்கிறது. பையனின் மனதில் பழுது இல்லை. அப்பா போட்டுக்கொண்டிருந்த ஆளுமை அவனுக்குப் பொருந்தாத முனையாக இருந்தது, அவ்வளவுதான். அவர் தள்ளிவைத்த அந்தப் பழைய அப்பாவைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டுகிறார்கள். கிறிஸ் கால்தாங்கிகளின் மேல் எழுந்து நிற்கிறான். அப்பாவின் தோளுக்கு மேலாக அவனுக்குச் சாலை தெரிகிறது. அவர் செய்த உரைகளில் ஒன்றும் அவனுக்கு இந்தப் பார்வையைக் கொடுக்கவில்லை.

நூலைப் புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தரம் பற்றிய உரைகளை அவசரமில்லாமல் படியுங்கள், நிறையக் கிடைக்கும். ஆனால் இதில் யார் முட்டி நின்றாலும், குரங்கானாலும் பட்டறைப் பையனானாலும் கிறிஸ்ஸானாலும், ஒரு நிமிடம் நிறுத்தி எதிர்த்தரப்பையும் கேளுங்கள். எந்தக் கருவி போட்டார்கள், துளையை யார் அளந்தார்கள், கதவை யார் பூட்டினார்கள் என்று. அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் பெரும்பாலும் நூலுக்குள்ளேயே கிடக்கின்றன, கதைசொல்லி நின்று பார்க்காத இடங்களில்.