கோபுரம் கட்டும் விளையாட்டும் நூல் பிடித்த பெண்ணும்

ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போகிறவர்கள் இந்த விளையாட்டை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். 20 ஸ்பகெட்டி குச்சிகள், ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். நாலு பேர் சேர்ந்து 18 நிமிடத்தில், தானாக நிற்கிற கோபுரம் கட்டி உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். உயரமான கோபுரத்துக்கு வெற்றி. பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கியது. டாம் வூஜெக் 2010இல் டெட் மேடையில் பேசிய பிறகு எங்கும் பரவிவிட்டது.

வணிக மேலாண்மை படித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்பார் வூஜெக். பெரியவர்கள் யார் தலைவர் என்று முட்டிக்கொண்டு, திட்டம் போட்டு, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைப்பார்கள். பாரம் தாங்காமல் சரிந்துவிடும். குழந்தைகள் முதலிலேயே மிட்டாயை வைத்து, விழ விழ மாற்றிக் கட்டுவார்கள்.

நானும் இதை நம்பி ஏழாம் வகுப்பில் நடத்தினேன். ஸ்பகெட்டிக்கு ஈர்க்குச்சி, மார்ஷ்மெல்லோவுக்குச் சின்ன எலுமிச்சம்பழம். ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. ஜெயித்த குழுவுக்குக் கைதட்டல். முடிந்ததும் அந்தக் குழுவிலிருந்த ஒரு பெண்ணிடம், "நீ என்னம்மா செஞ்ச?" என்று கேட்டேன்.

"நூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் சார்."

"முழு நேரமுமா?"

"ஆமா சார். நான் தொட்டா விழுந்துடும்னு சொன்னாங்க."

அவள் குழுவுக்குத்தான் அன்று நான், 'குழுப்பணி: மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்தேன்.

அந்தப் பசங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரி. அளக்கப்படுவது உயரம் மட்டும். வேலையை ஒரே ஆள் செய்து முடிக்கலாம். நேரமோ குறைவு. அப்படியானால் கைதேர்ந்தவனிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். வூஜெக் உரையிலேயே இன்னொரு செய்தி உண்டு. பத்துக் குழுக்களுக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தபோது ஒரு கோபுரம்கூட நிற்கவில்லையாம். முன்கூட்டியே செய்துபார்த்துத் திருத்திக்கொள்வது பற்றி இந்த விளையாட்டு நல்ல பாடம் சொல்கிறது, மறுக்கவில்லை. அதற்குக் 'குழுப்பணி' என்று பெயர் வைத்ததுதான் நம் தப்பு.

குழுவாகப் பிரித்துப் போட்டிவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்கிற நம்பிக்கையும் சந்தேகத்துக்குரியது. 1954இல் முசாபர் ஷெரிஃப், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் பூங்கா முகாமுக்கு 22 சிறுவர்களை அழைத்துப்போய் இரண்டு அணிகளாகப் பிரித்தார். கயிறு இழுத்தல், பேஸ்பால், பரிசுகள். சில நாட்களில் ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. பிறகு தண்ணீர் வராதபோதும், வண்டி கிளம்பாதபோதும் இரு அணியும் சேர வேண்டியதாயிற்று. போட்டியில் எதிரெதிராக இழுத்த கயிற்றைக் கட்டித்தான் வண்டியை எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். நம்மூர்த் தேர்வடம் மாதிரி. சிறுவர்களின் பகையை ஆய்வாளர்களே தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் இதன்மேல் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் பரிசை நீட்டும் நாமும் அதைத்தானே செய்கிறோம்?

இதைவிட எனக்குப் பிடித்தது எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய 'ஜிக்சா' முறை. வெள்ளை, கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குழந்தைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, பள்ளிகளில் மோதல் நடந்துகொண்டிருந்த சமயம். அவர் ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருவர் துண்டு மற்றவர் கையில் இருக்காது. தேர்வோ முழுப் பாடத்துக்கும். திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்தால் நஷ்டம் கேலி செய்தவனுக்கே. வேறு வழியில்லாமல் கேள்வி கேட்கப் பழகினார்கள். பிறகு கேட்பது பழக்கமாயிற்று.

இதிலும் சிக்கல் உண்டு. ஒரு பிள்ளை லீவு போட்டால் ஒரு துண்டு காணாமல் போகும். வாசிக்கத் திணறும் பிள்ளையைத் தனியே விட்டால் கதை கந்தல். அதனால்தான் ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் சேர்ந்து படிக்கும் ஏற்பாட்டை ஆரன்சன் வைத்தார். ஆசிரியருக்கும் வேலை அதிகம். சுவரில் ஒட்ட போட்டோவும் கிடைக்காது.

அடுத்த வாரம் அறிவியல் பாடம் ஒன்றை ஐந்தாக வெட்டிக் கொடுத்தேன். நூல் பிடித்த பெண்ணின் குரல் முதலில் வெளியே வரவில்லை. "சத்தமா சொல்லேன்" என்று அலுத்துக்கொண்டான் ஒருவன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் நடந்தது. பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன்.

கோபுர விளையாட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முடிந்ததும் உயரத்தை அளப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நீ இன்னைக்கு வராம இருந்திருந்தா இந்தக் குழுவுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" ஒரு பிள்ளைக்காவது பதில் வரவில்லை என்றால், திருத்த வேண்டியது விளையாட்டைத்தான்.