வாக்கும் தகைமையும்: தேசிய விளையாட்டுச் சபையில் அமர்வோருக்கு வேண்டியவை

இலங்கையில் ஒரு தேசிய விளையாட்டுச் சங்கத்தின் நிர்வாக சபைக்கு வருபவர் எதில் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கேள்வியை, அவர் எவ்வழியில் தெரிவாக வேண்டும் என்ற சர்ச்சை நெடுங்காலமாகவே மறைத்து நிற்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களின் பதிவையும் அதை இடைநிறுத்தும் அதிகாரத்தையும் விளையாட்டுத்துறை அமைச்சரின் கையில் வைத்திருக்கிறது. அதன் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகளோ யார் போட்டியிடலாகாது என்பதை விரிவாகச் சொல்லுமளவுக்கு, வெற்றிபெற்றவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டுவதில்லை. ஆகவே தகைமை பற்றிய முடிவு முழுவதும் வாக்காளரிடமே விடப்படுகிறது. அவ்வாக்காளரோ தனி மனிதர் அல்லர். கழகங்களும் லீக்குகளுமே வாக்களிக்கின்றன. திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில் அமைந்த குச்சவெளியின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் குரல், லீக்கின் வழியாக மட்டுமே கொழும்பிலுள்ள சம்மேளனத்தை எட்ட முடியும்.

இம்முறையின் பலம் சிறிதன்று. தேர்தல் இருப்பதனாலேயே, தலைமைப் பதவியை நாடுபவர் தொலைதூர லீக்குகளையும் தேடி வந்து கேட்க வேண்டியிருக்கிறது. மைதானத்துக்கு வேலி இல்லை, நடுவருக்குப் பயிற்சி இல்லை என்ற முறையீடுகளுக்கு அந்த ஒரு தருணத்திலாவது பெறுமதி கிடைக்கிறது. பலவீனமும் அதே இடத்தில்தான் முளைக்கிறது. நிதியைப் பகிர்ந்தளிக்கும் சபையே, அந்நிதியைப் பெறுவோரின் வாக்கால் அமைவதால், கேள்வி கேட்க வேண்டியவர் நன்றி சொல்பவராக மாறிவிடுகிறார். 1996 உலகக் கிண்ண வெற்றியின் பின் கிரிக்கெட் நிர்வாகத்தில் பணமும் பதவி ஆசையும் புகுந்த விதத்தை, 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் குமார் சங்கக்கார கடுமையாகச் சாடியிருந்தார்.

தேர்தலுக்கு மாற்றாக இங்கு அறியப்பட்ட வழி, அமைச்சர் நியமிக்கும் இடைக்காலக் குழு ஆகும். 1999 முதல் கிரிக்கெட் நிர்வாகம் பலமுறை இவ்வாறு கைமாறியிருக்கிறது. 2023 நவம்பரில் நிகழ்ந்தது இதன் உச்சம் எனலாம். நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இலங்கை அணி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோற்றதன் பின், 6ஆம் திகதி அமைச்சர் ரொஷான் ரணசிங்க நிர்வாக சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் ஏழு பேர் கொண்ட குழுவை நியமித்தார். உலகக் கிண்ணம் வென்ற அணித் தலைவரும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரும் அடங்கிய அக்குழுவைத் தகைமையின் அளவுகோலால் மட்டும் பார்த்தால், குறை காண்பது கடினமே. ஆயினும் மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்தியதோடு, இங்கு நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணமும் பின்னர் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை உதைபந்தாட்ட சம்மேளனமும் பீபாவின் தடையின் கீழ் இருந்ததை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். நியமித்த கையின் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில், நியமிக்கப்பட்டவரின் அறிவு எவருக்கும் பயன்படவில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகப் பிற நாடுகளில் கையாளப்படுவது திறன் அட்டவணை ஆகும். சபைக்குத் தேவையான நிதியறிவு, சட்டம், வீரர் பாதுகாப்பு, வர்த்தகம் போன்ற துறைகளை ஒருபுறமும் உறுப்பினர்களை மறுபுறமும் நிரல்படுத்தி, வெற்றிடமாகத் தெரியும் துறைக்கு ஆள் தேடுவதே அதன் செயல்முறை. பிரித்தானியாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த நிர்வாக ஒழுக்கக்கோவை, கூடிய அரச நிதி பெறும் சங்கங்களின் சபையில் குறைந்தது நான்கில் ஒரு பங்கினர் சுயாதீன உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என விதித்தது. இந்தியாவில் லோதா குழுவின் 2016ஆம் ஆண்டு அறிக்கை தகைமையைவிடத் தகுதியின்மையையே அழுத்தியது: 70 வயது கடந்தோர், அமைச்சர்கள், அரச ஊழியர்கள் ஆகியோர் கிரிக்கெட் பதவிகளை வகிக்கலாகாது என்றது. 2022 ஓகஸ்டில் இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் பீபாவால் இடைநிறுத்தப்பட்ட காலத்தில், 36 முன்னாள் வீரர்களுக்கு வாக்குரிமை வழங்கும் யோசனை சர்ச்சைக்குள்ளாகி, இறுதியில் ஆறு முன்னாள் வீரர்கள் நிர்வாகக் குழுவில் சேர்க்கப்பட்டனர். ஆடியவருக்கு ஆட்டம் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஐந்தொகையில் ஒளிந்திருக்கும் கடனை அவர் கண்டுபிடிப்பார் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

திறன் அட்டவணை மீதான முதன்மையான ஐயம், அதன் கட்டங்களை யார் வரைகிறார்கள் என்பதே. பட்டயக் கணக்காளரும் சட்டத்தரணியும் விளம்பர நிறுவன அதிகாரியும் தலைநகரில் எளிதில் கிடைப்பவர்கள். குச்சவெளியை அறிந்தவர் என்றொரு கட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை. இது உணர்ச்சிவசப்பட்ட பிரதேசவாதம் அன்று, நிர்வாக அறிவு சார்ந்த விடயம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் மீனவ இளைஞர் தொழிலில் இருப்பர். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவரும் வாடி அமைத்துத் தங்கும் பருவம் அது. வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாத நாட்கள் மிகுந்தாலும் மைதானத்தில் மழைநீர் நிற்கும். மேல் மாகாணத்தின் காலநிலையை வைத்து வரையப்படும் போட்டி அட்டவணை, இங்குள்ள கழகம் அணி திரட்ட முடியாத வாரங்களிலேயே போய் விழக்கூடும்; பிறகு அக்கழகம் ஆர்வமற்றது என்று பதிவாகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரே மொழியில் வந்துசேரும் சுற்றறிக்கையும் இத்தகைய அறியாமையின் விளைவே. இவை நிதியறிவைப் போலவே கற்கக்கூடிய, சோதிக்கக்கூடிய திறன்கள் என்பதால், அட்டவணையில் இடம்பெறாமைக்கு நியாயம் எதுவும் இல்லை.

நலன் முரண்பாட்டை, அதாவது சபை உறுப்பினரின் சொந்த ஆதாயமோ தன் கழகத்தின் ஆதாயமோ அவர் எடுக்கும் முடிவோடு மோதும் நிலையை, அடையாளம் கண்டு அவையை விட்டு விலகும் பழக்கமும் எந்தச் சான்றிதழாலும் உறுதிப்படுவதில்லை. நேர்முகத்தில் அதைக் காட்டுவதும் எளிதன்று. கடந்தகால நடத்தையே அதற்கான சான்று. அதைக் கிட்ட நின்று கண்டவர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். எனவே பெரும்பான்மை உறுப்பினர் தேர்தலாலும், சிறுபான்மை உறுப்பினர் நியமனக் குழு ஒன்றின் பரிந்துரையாலும் வருவதே இலங்கைக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்நியமனக் குழுவில் மாவட்ட லீக்குகள் அனுப்பும் பிரதிநிதிகளுக்கு இடமும் மறுப்புரிமையும் இல்லாவிட்டால், கொழும்புக் கழகங்களிடம் குவிந்திருக்கும் செல்வாக்கு கொழும்பு நிபுணர்களிடம் இடம்பெயர்வதற்கு அப்பால் எதுவும் நிகழாது.