நல்லிணக்கம் யார் தரும் சலுகை?

இராமேசுவரம் அருகே பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. வீணை மீட்டும் கலாம் சிலையருகே பகவத் கீதை செதுக்கப்பட்டிருந்தது. சர்ச்சை எழுந்ததும் உறவினர்கள் திருக்குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் வைத்தார்கள். அனுமதியின்றி வைத்ததாக இந்து மக்கள் கட்சி தரப்பில் புகார் எழ, இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. கலாம் கீதை படித்தவர், வீணை வாசித்தவர். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவரை மதம் கடந்தவர் என்று கொண்டாடிவிட்டு, அவர் பிறந்த மதத்தின் நூலுக்கு அனுமதி கேட்பது பாசாங்கு. இணக்கம் இங்கே எல்லோருக்கும் பொதுவான விதியாக இல்லை. வலியவர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகையாக இருக்கிறது.

இராமநாதபுரத்துச் சேதுநாட்டுக்கு இது புதிதல்ல. அதை ஆண்ட கிழவன் சேதுபதி கீழக்கரை முஸ்லிம் வள்ளல் சீதக்காதியைப் போற்றினார். அவர் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரியில் அருளானந்தர் என்னும் கிறித்தவப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். கிறித்தவத்துக்கு மாறிய தடியத்தேவர் தம் மனைவியரில் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர் என்பதும் அதற்குக் காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆயினும் நல்லிணக்க மேடைகள் முதல் செய்தியை முழங்கி, இரண்டாவதை விழுங்கிவிடுகின்றன.

இதனால் நல்லிணக்க முயற்சியே வெறும் நாடகம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கலாம் சிறுவனாக இருந்தபோது புதிதாக வந்த ஆசிரியர் முஸ்லிம் என்பதால் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தவர் இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரி. 1982 மண்டைக்காடு இந்து-கிறித்தவக் கலவரத்துக்குப் பின், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் குன்றக்குடி அடிகளார் திருவருட் பேரவை வழியாகப் பிற மதத்தவரோடு கைகோத்தார். சைவ மடத்தின் தலைவராகவே அதைச் செய்தார். தன் பக்கத்தாரிடம் பேசத் துணிந்தவர் கையில் இந்த முயற்சிக்கு உயிர் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு மட்டும் உபதேசம் செய்யும்போது அது பொன்னாடையோடு முடிந்துவிடுகிறது.

சமயங்களைக் கலந்தால் சமயமே கெடும் என்பார்கள். அடிகளார் திருநீற்றைத் துறக்கவில்லையே! மறுப்பவர் எல்லோரும் பாசாங்குக்காரர் என்றும் சொல்லக்கூடாது. கலாமுக்குச் சிலை வைப்பது இஸ்லாத்துக்கு ஒவ்வாது என்று உலமாக்கள் ஆட்சேபித்தது அவர்கள் தங்களுக்கும் பொருத்திக்கொள்ளும் கொள்கை. அதை ஏற்காமல் இருக்கலாம், இரட்டை வேடம் என்று சொல்ல முடியாது. தன் நூலைச் செதுக்கி வைத்துக்கொண்டு அடுத்தவர் நூலுக்கு அனுமதி கேட்பது வேறு ரகம்.

நினைவகத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: அங்கே எந்த நூல், எந்த இடத்தில், எந்த விதிப்படி என்பதை எழுதி, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கட்டும்.